வேலிக்கருவைக் கிண்ணம்

ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம் ஒரு லேத்து வாங்கியதுதான். ஆலங்குளம் பக்கம் ஓர் ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்தவன் நான். வாழ்நாளெல்லாம் இரும்பைக் கடைந்தவன், இனி மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். விருதுநகரில் எங்கள் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு கார் ஷெட் உண்டு. கார்தான் கிடையாது. அங்கே லேத்தை இறக்கி வைத்த அன்று என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இம்புட்டு வருசம் லேத்துகூட குடும்பம் நடத்துனது பத்தலையாக்கும்? இப்ப வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டீக."

இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். மரம் கேட்காது. இரும்பு லேத்தில் உளியை முடுக்கி வைத்துவிட்டுச் சக்கரத்தைத் திருகினால் போதும். இங்கே உளியை நாமே கையில் பிடிக்க வேண்டும். நான் இரும்புக்குக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்தேன். முதல் வேப்பங்கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் மோதி, காயப்போட்டிருந்த வற்றல் தட்டில் போய் விழுந்தது. வற்றல் போனதில் ரெண்டு நாளைக்கு எனக்கு வீட்டில் மரியாதை இல்லை.

ஆனாலும் விடவில்லை. கட்டை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று ஊருக்கு வெளியே வெட்டிக் குவித்திருந்த வேலிக்கருவையில், அதாவது சீமைக்கருவேலத்தில், ஒரு துண்டைத் தூக்கி வந்தேன். எங்கள் சீமையில் அந்த மரத்தைத் திட்டாதவர் கிடையாது. காட்டைக் கெடுக்கும், காலில் முள்ளை ஏற்றும், கடைசியில் கரிமூட்டத்துக்குப் போகும். அதை லேத்தில் ஏற்றி மேல்பட்டையைச் சீவியதும் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு வந்தது பாருங்கள்! காய்ச்சி இறக்கிய கருப்பட்டிப் பாகின் நிறம். ஊடே கறுப்பு வரிகள் ஓடின. உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். என் மனைவி வந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்க செஞ்சதா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னும் பத்து வற்றல் தட்டு போனாலும் தகும்.

அந்தச் சமயத்தில்தான் சிவகாசியில் என் மகளும் மருமகனும் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். ரெண்டு பேரும் ஒன்றாகப் படித்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சம்பந்தி வீட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். மனிதர் குறை சொல்ல முடியாதவர்தான். ஆனால் இத்தனை வருடத்தில் எங்களுக்குள் "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டீகளா" என்ற ரெண்டு வார்த்தையைத் தாண்டி மூன்றாவது வார்த்தை வந்ததில்லை. கம்பெனியை மகன் கையில் கொடுத்தபின் அவர் இன்னும் பேச்சைக் குறைத்துவிட்டதாக மகள் சொல்லியிருந்தாள்.

கிண்ணத்தைப் புதுவீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். "கொண்டுபோங்க. ஆனா வேலிக்கருவைன்னு வாயத் தொறந்துறாதீக. நல்ல காரியத்துல முள்ளு மரத்தக் கொண்டாந்தான்னு பேச்சு வரும்" என்றாள் மனைவி.

அங்கே எல்லோர் கையிலும் கிண்ணம் சுற்றி வந்தது. சம்பந்தி அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மரம் சம்பந்தி? ஈட்டியா?"

ஈட்டி என்று தலையாட்டியிருக்கலாம். மனைவி எதிரில் நின்று கண்ணாலேயே மன்றாடினாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. "வேலிக்கருவை" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரிமூட்டத்துக்குப் போற விறகா?" என்று சம்பந்தி கேட்டார். ஆமாம் என்றேன். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சன்னல் பக்கம் திருப்பிய முகத்தை விருதுநகர் வரைக்கும் திருப்பவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். தனியாக வந்திருந்தார். அவரே பின்பக்கத்தைத் திறந்து, தொடை தண்டி ஒரு கட்டையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் மண்.

"தாயில்பட்டிப் பக்கம் நம்ம காட்டுல பூராவும் இந்தச் சனியன்தான் நிக்குது. இதுக்குள்ளயும் அந்தச் செவப்பு இருக்கான்னு பாக்கணும்."

என் மனைவி அடுப்படிக்கு ஓடினாள். நான் அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். வேலை தொடங்குமுன் உளியைச் சாணை பிடிப்பது வழக்கம். சாணைக்கல்லில் வைத்ததும் பொறி பறந்தது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூலில் ஆளைக் காணோம். தெருவில், எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, அங்கன போயிட்டீக?"

"பொறி பறக்குதுல்லா!" என்றார், மூச்சு வாங்க. "எங்க கம்பெனிக்குள்ள இரும்புச் சாமானே விடமாட்டோம், எல்லாம் பித்தளைதான். பொறியக் கண்டா காலு தன்னால ஓடிருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாதே என்று அடக்கினேன். அதற்குள் அவரே சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவர் வருமுன்பே உளிகளையெல்லாம் சாணை பிடித்து வைத்துவிடுகிறேன்.

அவர் கொண்டுவந்த கட்டையிலும் சிவப்பு இருந்தது. அதைக் கண்டதும் மனிதருக்கு ஸ்டூலில் இருப்புக்கொள்ளவில்லை. உளியை அவர் கையிலேயே கொடுத்தேன். சின்ன வயதில் அவரே பட்டாசுக்கு மருந்து அடைத்தவராம். அந்தக் கை எதையும் அழுத்தாது. நான் மாதக்கணக்கில் திண்டாடிப் பிடித்த பதம் அவருக்குச் சீக்கிரமே வந்தது. மரச்சுருள் ரிப்பன் போல நீளமாக வந்து அவர் தோளில் விழுந்தது. "ஏயப்பா! ஏயப்பா!" என்று ஒவ்வொரு சுருளுக்கும் வியந்தார்.

அந்த வியப்பில் நிறுத்த மறந்துவிட்டார். "போதும், போதும்" என்று நான் கத்துவதற்குள் கிண்ணத்தின் அடி கழன்று போயிற்று. லேத்தை நிறுத்தினேன். அவர் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் விழுந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்க நல்லாத் தெரியுறீக" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில், ஏதோ உடைந்துவிட்டது என்று என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். ரெண்டு கிழவர்களும் மரத்தூளில் புரண்டவர்களாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "பரோட்டா வாங்கியாரச் சொல்லட்டா, இல்ல இதையே தின்னுக்கிடுதீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது அவர் வராத ஞாயிறு கிடையாது. தீபாவளி சீசனில்கூட வருகிறார். ரோட்டில் யாராவது மரம் வெட்டினால் காரை நிறுத்திவிடுகிறார். மகள் போன் செய்து, "அப்பா, ஆர்டர் பேச வந்தவுககிட்ட மாமா கிண்ணத்தக் காட்டிக்கிட்டு இருக்காக. என்னப்பா பண்ணீக அவுகள?" என்று கேட்கிறாள். குரலில் புகார் இல்லை.

போன வாரம் மஞ்சணத்திக் கட்டை ஒன்று கிடைத்தது. கடையக் கடைய மஞ்சளாகக் கொட்டியது. தலை, மீசை, சட்டை எல்லாம் மஞ்சள். அன்றைக்குப் பார்த்துச் சம்பந்தியம்மாவும் முதல்முறையாகக் கூட வந்திருந்தார்கள். ஞாயிறானால் புருஷன் எங்கே போய்த் தொலைகிறார் என்று பார்க்க வந்ததாக என் மனைவியிடம் சொன்னார்களாம். ஷெட் வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்ன இது, மஞ்சத்தண்ணி ஊத்தி விளையாடுனாப்புல?"

சம்பந்தி, பாதி கடைந்த கிண்ணத்தை அவர்கள் உள்ளங்கையில் வைத்தார். அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்கள்.

"தள்ளுங்க அங்கிட்டு. நானும் பாக்கேன்."

நாங்கள் ரெண்டு பேரும் தள்ளி நின்றோம்.