பக்கக் குழாய் வைத்த கார்

என் மகன் ஜோசப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே சைலன்சர் குழாய் பொருத்தியிருக்கிறான். இன்று காலை ஸ்டார்ட் செய்ததும் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். அம்மா எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக் கேட்டில் அவருடைய சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவாள். அதைப் பார்த்தால் பால்காரர் மணியடிக்கமாட்டார். மோட்டார் சைக்கிள்காரர்கள் இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். குவார்ட்டர்ஸில் இன்றும் அதே வழக்கம்தான்.

ஒருநாள் பொம்மைக்குத் தொட்டில் கட்ட அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டேன். ஒரு புல்லட் படபடவென்று போனது. எழுந்து உட்கார்ந்த அப்பாவுக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை. அன்றைய ஷிப்டில் அசந்துபோய் கன்வேயர் பெல்ட்டில் இரண்டு விரல்களை இழந்தார்.

“தூக்கம் பத்தல கண்ணு, வேற ஒண்ணுமில்ல” என்றார். துண்டை அவிழ்த்தது நான்தான் என்று மாதாவிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

வாசலுக்குப் போனேன்.

“அணைடா. எதிர் வூட்டுத் தம்பி நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்கிகினு இருக்கு.”

“கேட்டுல துண்டு காணலியேம்மா?”

“எந்தப் புள்ளையாவது அவுத்திருக்கும்.”

“அதுக்கு இத தேரு மாதிரி தள்ளணுமா?”

“தேருன்னே நெனச்சிக்க, தள்ளு.”

சிரித்துக்கொண்டே அணைத்தான். நானும் பின்னால் கைகொடுத்தேன். பிளாக் முனை வருவதற்குள், முதல் முறையாக ஒரு மனிதரிடம் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னேன்.