என் வீட்டுக்காரர் கேட்ட செடி

சபையார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்குச் சரியாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசத் தைரியம் இல்லை, அதனால் எழுதித் தருகிறேன். ஆனால் வெட்கப்பட்டு எதையும் மறைக்கப்போவதில்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜ் பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்தவர். எழுபத்தேழாம் வருஷமோ எழுபத்தெட்டோ, அவருக்கு வயதாகிவிட்டது என்று அனுப்பிவைத்தார்கள். கை குலுக்கினார்கள், படம் பிடித்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் குளித்தார், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினார், பூட்ஸைத் துடைத்தார். பிறகு கூடத்தின் நடுவில் நின்றார். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்போது நாங்கள் கேலாங் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்தோம். தஞ்சோங் பகாரில் ஒரு கிடங்கில் அவருக்கு ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்தது. ஒருநாள் யாரோ லாரிக் கதவைப் படாரென்று சாத்த, இவர் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அதோடு வேலைக்குப் போகவில்லை. சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. முதுகை நிமிர்த்தி, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். உட்காருங்க என்றால் காதில் விழாது. அசந்தால் நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் தூங்குவார், மறுபடி எழுந்து நிற்பார்.

ஒருநாள் என்னிடம் சொன்னார், "எஸ்தர், நான் இல்லாட்டி உனக்கு நிம்மதியா இருக்கும்."

அன்றிலிருந்து அவரைத் தனியே விட எனக்குப் பயம். மார்க்கெட்டுக்குப் போனால்கூடப் பக்கத்து வீட்டு மலாய் அக்காவை உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன்.

நம்முடைய மூப்பர் ஐயா ஆட்களோடு வந்தார். அசுத்த ஆவி என்றார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். சத்தம் கூடக் கூட இவர் இன்னும் விறைத்துக்கொண்டு நின்றார். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கும்மா, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார் மூப்பர்.

நான் அடுப்படியில் நின்று ஜெபித்தேன். இந்தோனேசியாவோடு தகராறு நடந்த காலத்தில் ஜொகூர் காட்டில் தன் சிநேகிதனைப் பறிகொடுத்தவர் இவர். என்னிடம் அதைச் சொன்னதே இல்லை, கூட இருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஆண்டவரே, இவர் உடம்பு இங்க இருக்கு, மனசு அந்தக் காட்டுல நிக்குது. வீட்டுக்குக் கூட்டிட்டு வாரும்." வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. இதையே தினமும் சொன்னேன்.

மூப்பர் சொன்னதைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். டாக்டர் இது மனச்சோர்வு, இதுவும் ஒரு நோய்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அங்கே ஒரு தமிழ் மிஸி இருந்தார். நெற்றியில் பொட்டு வைத்த நர்ஸம்மா. அவர் இவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார்.

"அண்ணே, பாதத்தைத் தரையில நல்லா ஊனுங்க. மூச்சு உள்ள வருது, வெளிய போகுது, சும்மா கவனிங்க. மனசு எங்கயாச்சும் ஓடும். ஓடினா திட்டாதீங்க. மெதுவா இங்க கூட்டிட்டு வந்துருங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டிட்டு வாரும் என்று நான் அடுப்படியில் கேட்ட அதே வார்த்தை.

ஆனால் இவரால் முடியவில்லை. "மூச்சைப் பார்த்தா மூச்சு முட்டுது, மிஸி" என்றார்.

"அப்ப மூச்சு வேணாம், கண்ணு முன்னால இருக்கற ஏதாச்சும் ஒண்ணைப் பாருங்க."

"எங்க வீட்டுல என்ன இருக்கு லா, சுவருதான் இருக்கு."

அந்த வாரம் ஒரு மத்தியானம் நாற்காலியில் கண்ணசந்தவர் ஏதோ முனகினார். கிட்டே போய்க் கேட்டேன். "செடியா. செடியா." அதையே சொன்னார். மிஸி சொன்னதை நினைத்துச் செடிக்கு ஏங்குகிறார் என்று எனக்குப் பட்டது. மலாய் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பஸ் ஏறித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கறிவேப்பிலை கேட்டேன்.

"கறிவேப்பிலைதானேக்கா, ஒரு கொத்து சும்மாவே எடுத்துக்குங்க" என்றார் காய்கறிக்காரர்.

"இலை வேணாம், செடி வேணும். என் வீட்டுக்காரர் தூக்கத்துல கேட்டார்."

"என் வீட்டுக்காரி முழிச்சிருந்து கேக்கறதையே நான் வாங்கித் தரதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு தொட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"நீங்கதானே செடியா செடியான்னு கேட்டீங்க."

செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார். "அடி பைத்தியம், அது செடி இல்ல. ஸெடியா. பட்டாளத்துல மலாய்லதான் கட்டளை. விறைப்பா நில்லுன்னு அர்த்தம்."

"எதுவரைக்கும் அப்படி நிக்கணும்?"

"செனாங் டிரின்னு சொல்ற வரைக்கும். அப்பதான் காலை அகட்டி, உடம்பைத் தளர்த்தலாம்."

"உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் எழுந்தேன். வாழ்நாளில் யாருக்கும் கட்டளை போடாதவள் நான். "செனாங் டிரி" என்றேன்.

"சார்ஜண்டுக்கு இப்படியா சொல்லுவாங்க? சத்தமா சொல்லு லா."

சத்தமாகச் சொன்னேன். இடது காலை அகட்டினார். தோள் இறங்கியது. அப்படியே செடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தச் செடியின் முன்னால் உட்காருவார். ஓர் இலையைத் தொடுவார், கிள்ளி மோந்து பார்ப்பார். வாசனை பிடித்தால் மூச்சு தன்னாலே வருகிறதே. மனசு காட்டுக்குப் போனால் தனக்குத்தானே மெதுவாக "செனாங் டிரி" என்று சொல்லித் திரும்பிவருவார். ஒரே நாளில் நடந்த அற்புதம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கெட்ட நாட்கள் நிறைய வந்தன. மாத்திரையும் சாப்பிட்டார், நானும் ஜெபித்தேன், செடியும் வளர்ந்தது.

ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் மூப்பர் சொன்னார், "சிஸ்டர் எஸ்தர் வீட்டுல செடி முன்னால உக்காந்து மூச்சுப் பயிற்சி நடக்குதாம். அடுத்து சூடம் காட்டுவாங்க போல."

சிலர் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அந்தச் செடியை நாங்க கும்பிடல ஐயா, ரசத்துல கிள்ளிப் போடுறோம். மூச்சு ஆண்டவர் குடுத்தது. குடுத்ததைக் கவனிச்சா தப்பா?"

"சொல்லிக் குடுத்த மிஸி எந்தச் சாமியைக் கும்பிடுறவங்கன்னு தெரியுமா?"

"தெரியும். நான் ஆண்டவர்கிட்ட உதவிதான் கேட்டேன். யாரை அனுப்பணும்னு அவர் என்கிட்ட கேக்கல. உங்ககிட்டயும் கேக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சிலர் என்னோடு பேசவில்லை. நான் வருவதை நிறுத்தவில்லை. முன் வரிசையில்தான் உட்காருகிறேன், பக்கத்தில் அவரும் உட்காருகிறார்.

இப்போது தெம்பனிஸில் இருக்கிறோம். செடி என் உயரத்துக்கு மேலே போய்விட்டது. பட்டாளத்திலிருந்து வந்து வீட்டில் விறைத்து நிற்பவர்களை அவர்கள் மனைவிமார் கூட்டிவருகிறார்கள். இவர் அவர்களைச் செடி பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லுகிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் பேய் என்று சொல்ல யாரையும் விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். யார் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல நான் யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை.

வருஷங்களை நான் சரியாகச் சொன்னேனா தெரியாது. அந்த மலாய் வார்த்தைகளையும் பட்டாளத்தில் இருந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். 'செடியா' என்று நான் கேட்டதை மட்டும் திருத்த வேண்டாம்.