நான்கு விரல் இடைவெளி

கொடிகாமத்தில் வாகனங்களின் அடியில் பாரம் தாங்கும் வில்லுத் தகடு போடுபவர் அவர். இடுப்பில் எப்போதும் அகலமான பட்டி கட்டியிருப்பார். எந்த வாகனம் வந்தாலும் முதலில் பின்சில்லுக்கு மேலுள்ள இடைவெளியில் விரல்களை விட்டுப் பார்ப்பார். படகு இழுத்து இழுத்துப் பின்புறம் குந்திப்போன என் பழைய ஜீப்பில் ஒரு விரல்தான் நுழைந்தது.

“ரெண்டு தகடு கூடப் போடுங்கோ அண்ணை,” என்றேன்.

“ஒவ்வொரு நாளும் படகு இழுக்கிறியோ தம்பி?”

“இல்லை, கிழமைக்கு ஒருக்கா.”

“அப்ப ஒண்டு காணும். ரெண்டு போட்டால், படகில்லாமல் ஓடேக்கை வில்லு அசையாது. றோட்டுக் குழியெல்லாம் உன்ரை முதுகிலைதான் விழும்.”

வேலை முடிந்ததும் ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்து, கதவைப் பிடித்து எழுந்தார். பாதிவரைதான் நிமிர முடிந்தது. குனிந்தபடியே விரல்களை விட்டுப் பார்த்தார். நான்கும் நுழைந்தன.

“காணும்,” என்றார்.

வாசலில், பின்புறம் குந்திய வெங்காய லொறியொன்று அவருக்காகக் காத்து நின்றது.