மாவுத் தரையை வாசிப்பவர்

மாவு மில்லின் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார் மில்லக்கா. கன்னம் தரையைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. கோதுமை வாளியோடு வரிசையில் நிற்கும் நாங்கள் மூச்சுக் காட்டக் கூடாது. காற்றுப் பட்டால் மாவு கலைந்துவிடுமாம்.

தினமும் மில்லைப் பூட்டும் முன் ஒரு பிடி மாவைச் சலித்துத் தரை முழுக்கத் தூவிவிட்டுப் போவார். காலையில் அதில் பதிந்த தடங்களை வாசிப்பார். "இதோ, மேனேஜர் மூட்டைகிட்ட போயிருக்காரு. இங்க படுத்திருக்காரு. இது வாலு."

மேனேஜர் என்பது அவருடைய சாம்பல் நிறப் பூனை. மில்லிலேயே படுக்கை. பல் பாதி கிடையாது. எலி பிடித்து மூன்று வருடமாகிறது.

"எலி பிடிக்காத பூனை எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"எந்த ஆபீஸ்லம்மா மேனேஜர் வேலை செய்யறாரு? அவரு உக்காந்திருந்தா போதும், மத்ததெல்லாம் அடங்கிக் கிடக்கும்."

குனிந்து பார்த்தேன். ஒரு சுண்டெலியின் நகக்கீறல்கூட இல்லை. அத்தனை கோதுமை மூட்டைகளுக்கும் காவல், ஒரு கிழட்டுப் பூனையின் வாசனை! கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்றுவிட்டேன்.

பெருச்சாளியிடம் மட்டும் அந்த ஆட்சி செல்லாது. "அதைப் பாத்தா இவரு லீவு போட்டுடுவாரு. அதுக்கு நான்தான்." கண்ணாடிச் சில்லைச் சிமெண்டில் குழைத்துப் பொந்துகளை அவரே அடைப்பார்.

ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். உணவுப் பொருள் அரைக்கும் இடத்தில் பூனை கூடாது, ஒரு வாரத்தில் அகற்றாவிட்டால் சீல் என்றார். மில்லக்காவின் கணவர் கண்மூடிய பிறகு இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியது அந்த மில். மறுபேச்சில்லாமல் பூனையைத் தூக்கிப்போய் வீட்டில் அடைத்தார்.

மூன்றாம் நாள் தரையில் கடுகு சிந்தியதுபோல் எலிக்கால் புள்ளிகள். ஐந்தாம் நாள் சுவரோரமெல்லாம் தையல் போட்ட மாதிரி. அன்றிலிருந்து அவர் அரைக்கவில்லை. எங்கள் வாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏழாம் நாள் ஆய்வாளர் வரும் நேரம். மனசு கேட்காமல் நான் விளக்குமாற்றை எடுத்தேன். "வைம்மா கீழே" என்றார் மில்லக்கா. ஆய்வாளர் வந்ததும் அவரிடம், "குனிஞ்சு பாருங்க சார். மேனேஜர் இருந்தப்ப இதுல ஒண்ணுகூடக் கிடையாது."

"இதைப் பாத்தா நான் இப்பவே சீல் வைக்கணும்மா."

"வைங்க. பெருக்கி மறைச்சிட்டு ஊருக்கு மாவு குடுக்க மாட்டேன்."

ஆய்வாளர் வெகுநேரம் மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்தபோது கால்சட்டை முட்டியில் வட்டமாக மாவு. "பூனை படி தாண்டக் கூடாது. வெளிய எங்க வேணா இருக்கட்டும். ஜன்னலுக்கு வலை அடிங்க, தரையைக் கழுவுங்க. பத்து நாள் கழிச்சு வந்து பாக்கறேன்."

மில்லக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ப் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மில்லில் உட்கார இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதை வெளியே இழுத்து, வாசலை ஒட்டிப் போட்டு, முந்தானையால் இரண்டு முறை துடைத்து, பூனையை அதில் உட்கார வைத்துவிட்டு, அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்.