டிராகனை விட்டு இறங்காதவள்

நான் அந்தக் கதையைத் தெரிந்தே மாற்றினேனா, மறந்துபோய் மாற்றினேனா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை. தெரிந்தே என்றால், என் மகளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். மறந்துபோய் என்றால் அது இன்னும் மோசம் என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றவில்லை.

கதை என்னுடையது இல்லை. டிராகன்மேல் ஏறிப் போருக்குப் போகும் வீரர்களைப் பற்றிய ஆங்கில நாவல் வரிசை அது. மூன்று தடித்த புத்தகங்கள். எதிரிப் படையில் இருக்கும் ஒருவனைக் காதலிக்கும் வீராங்கனைதான் நாயகி. நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது, சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் மூன்றையும் சேர்த்து வாங்கினேன். டவுன் பஸ்ஸில் போக வர அதுதான் படிப்பு. காதல் கட்டம் வந்தால், பக்கத்து சீட்டு அக்கா பார்த்துவிடுவாரோ என்று கைக்குட்டையை விரித்துப் பாதிப் பக்கத்தை மறைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகி ஆனையூருக்கு வந்தபோது புத்தகங்களும் என்னோடு வந்து அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொண்டன. ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. மகள் பிறந்தாள். நான்கு வயதாகியும் அவளுக்குச் சோறு ஊட்டுவது பெரும் பாடாக இருந்தது. தெரிந்த கதையெல்லாம் தீர்ந்தபிறகு, காதலைக் கொஞ்சம் குறைத்து, ரத்தத்தை முழுக்கத் துடைத்து, அந்த டிராகன் கதையைச் சொல்லத் தொடங்கினேன். டிராகன் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கோயில் தூணில் இருக்கும் யாளிக்குச் சிறகு முளைத்த மாதிரி என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சோறு முடியும்போது கதையும் முடிந்துவிட வேண்டும். பாதிக் கதையில் எழுந்துபோகும் பிள்ளை தட்டிலும் மிச்சம் வைக்கப் பழகிவிடும் என்பார் என் மாமியார். அதனால் கதை எவ்வளவு நீளம் என்பதைக் கிண்ணம்தான் முடிவுசெய்யும்.

மகன் பிறந்ததும் விடுப்பு எடுத்தேன். விடுப்பு முடிந்தும் நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. நானே கடிதம் எழுதினேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மகளுக்கு ரசம் சாதம். கதையில் நாயகிக்குக் குழந்தை பிறந்து சில நாளே ஆகியிருக்கிறது, வெளியே போர் முரசு கேட்கிறது. கிண்ணத்தில் இரண்டு வாய்தான் பாக்கி.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அப்புறம் அவ டிராகனை விட்டு இறங்கிட்டா. பாப்பாகூடவே வீட்ல இருந்துட்டா."

"டிராகன்?"

"அது காட்டுக்குப் போயிருச்சு."

"நல்ல அம்மால்ல?" என்று சொல்லி, கடைசி வாயையும் வாங்கிக்கொண்டாள்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. மகனுக்கு மூன்று. இரண்டு மாதம் முன்பு அலமாரியைத் துடைத்தபோது மூன்றாவது புத்தகம் கையில் வந்தது. மகன் தூங்கும் மதிய நேரங்களில் படிக்க ஆரம்பித்தேன்.

"ஏத்தா, திரும்பப் பரீட்சை எழுதப் போறியா? இம்புட்டுத் தடிமனா இருக்கு!" என்றார் மாமியார்.

"பரீட்சை இல்லம்மா. றெக்கை வச்ச பல்லிக் கதை," என்றார் சாப்பிட வந்திருந்த என் கணவர். "கல்யாணத்துக்கு வந்த சீர்லயே கனமான சாமான் அதுதான்."

நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டம் வந்தது. முரசு கேட்கிறது. நாயகி குழந்தையைத் தன் காதலனின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டு டிராகன்மேல் ஏறிப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகும் புத்தகத்தில் எட்டு அத்தியாயம் இருக்கிறது. எதிலும் அவள் இறங்கி வீட்டோடு தங்கவில்லை. ஏறுகிற அந்த வரியின் கீழே பென்சில் கோடு. என் பென்சில். இருபத்திரண்டு வயதில் நானே அழுத்தமாக இழுத்தது. அவள் இறங்கிவிட்டதாகத்தான் புத்தகத்திலும் இருக்கிறது என்று எப்போதிலிருந்து நம்பத் தொடங்கினேன், தெரியவில்லை.

இதை நினைத்து நான் மட்டும் வருத்தப்பட்டு, அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் மகளின் பள்ளிப் பையில், மடித்த ஒரு தாள் கிடந்தது. சிலம்பப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வகுப்பு, பெற்றோர் கையெழுத்து வேண்டும். பள்ளி மைதானத்தில் அவள் கம்பு சுற்றி நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை வீட்டில் பார்த்ததில்லை.

"ஏன்டி காட்டல?"

"நான் போகலம்மா. தம்பி அழுவான்."

"அப்பத்தா இருக்காங்க, நான் இருக்கேன்."

"உனக்கு வேலை இருக்கும்ல. அந்த டிராகன்காரி இறங்குனாள்ல, அதுமாதிரி நானும் இருந்துக்கிறேன்."

அழாமல், சந்தோஷமாகவே சொன்னாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார், "பொறுப்பான புள்ள. அப்படியே ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கு," என்றார். மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கதையை நான் மாற்றிவிட்டேன் என்று சொன்னால், ஏன் மாற்றினாய் என்று கேட்பாள். நான் வேலையை விட்ட நாள் அது என்று சொல்ல வேண்டிவரும். அப்போது அவள் தம்பியைப் பார்ப்பாள், பிறகு தன்னையும் பார்த்துக்கொள்வாள். தன்னால்தான் அம்மா இறங்கினாள் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை நினைத்துவிட்டால், அதை எந்தக் கதை சொல்லித் துடைப்பது? சொல்லாமல் விட்டால் சிலம்பம் போய்விடும். பிறகு இன்னொன்று போகும். ஒவ்வொரு முறையும் "நல்ல பிள்ளை" என்று அவளுக்குப் பெயர் கிடைக்கும்.

கையெழுத்துப் போட்டு, கட்டாயப்படுத்தி அனுப்பிவிடு என்கிறார் கணவர். போவாள்தான். அங்கே நின்றுகொண்டு தம்பியையே நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று பயம்.

மாதக் கடைசிவரை இடம் வைத்திருப்பதாகப் பயிற்சி ஆசிரியை சொல்லியிருக்கிறார். தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகளை வளர்த்தவர்களும், வேலையை விட்ட அம்மாக்களிடம் வளர்ந்த பெண்களும் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உண்மையை முழுக்கச் சொல்லிவிடவா? எட்டு வயதுக்கு எவ்வளவு சொன்னால் போதும்? உங்கள் அம்மா சொல்லியிருந்தால் அப்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?