நான் திருப்பிப் போட்ட கதிரைகள்

மகள், மகன், இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் தடக்கும் என்று தெரியும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் ஞாயிறு பின்னேரம், லண்டன் ஆர்ச்வேயில் அந்த பப்பின் பின்னறையில் நான் செய்த வேலை உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மட்டும் நான் இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

நாங்கள் லண்டனின் மேற்கோரம், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறோம். எனக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எனக்கும் மனைவிக்கும் சனிக்கிழமை காலை ஷிப்ட். இவர்களை எங்கே விடுவது? எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் மண்டபத்தில் அயர்லாந்துக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நாட்டுப்புற இசையைப் பழக்கினார். இரண்டு மணித்தியாலம் பத்திரமாக இருப்பார்கள் என்றுதான் கொண்டுபோய் விட்டேன். இசைக்காக விடவில்லை. மகளுக்கு எட்டு வயது, வயலினை எடுத்தாள். ஃபிடில் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே என்னைத் திருத்தினாள். மகனுக்கு ஆறு. தகரக் குழலில் தொடங்கி மரப் புல்லாங்குழலுக்கு வந்தான்.

பத்திரத்துக்கு விட்ட பிள்ளைகள் அதிலேயே ஊறிவிட்டார்கள். முதலில் பங்குத் திருவிழா, பிறகு முதியோர் இல்லங்கள், அயர்லாந்துக்காரரின் கலியாண வீடுகள், அதற்குப் பிறகு சின்னச் சின்ன அரங்குகள். பல்கலைக்கழகம் முடிவதற்குள் அக்காவும் தம்பியுமாக ஒரு இசைத்தட்டும் வெளியிட்டுவிட்டார்கள். இந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் கார் ஓட்டினது நான்தான்.

போன இடமெல்லாம் கேள்வி. வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்பார்கள். நம்முடைய ஆட்கள் என்னைப் பிடித்து, "வயலின்தானே அண்ணை, கர்நாடக சங்கீதம் பழக்கியிருக்கலாமே? இதென்ன குடிகாரரின்ட பாட்டு?" என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்குள் ஒரு பதற்றம் குடிவந்துவிட்டது. இவர்கள் வாசிக்கும்போது நான் இருந்து கேட்டதே இல்லை. மைக்கைத் திருப்புவேன், திரைச்சீலையை இழுப்பேன், வீடியோ எடுப்பேன், காருக்கு அபராத டிக்கெட் போட்டுவிட்டார்களோ என்று வெளியே ஓடுவேன்.

"உங்கட காலில என்ன, சில்லே பூட்டியிருக்கு? ஒரு இடத்தில இருங்கோவன்" என்று மனைவி சொல்லாத நிகழ்ச்சி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் பெரியது. அயர்லாந்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். குளிர்காலத்தில் பன்னிரண்டு ஊர்களுக்கு இசைக்குழுக்களை அழைத்துப் போகிறவர். பிள்ளைகள் மேடையில் வாசிப்பதை அவர் கேட்க விரும்பவில்லை. வழக்கமாக எங்கே வாசிப்பார்களோ அங்கேயே வந்து கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். மகனுக்கு அப்போது மான்செஸ்டரில் ஒரு கம்ப்யூட்டர் வேலை வந்திருந்தது. அன்று காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"இது சரிவராட்டி நான் அந்த வேலைக்குப் போறன் அப்பா. அக்கா தனிய வாசிக்கட்டும்."

மகள் ஃபிடில் பெட்டியை இரண்டு முறை திறந்து மூடினாள்.

நான் விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்தவன். வழியெல்லாம் நெரிசல். ஸ்டியரிங்கில் என் விரல்கள் தாளம் போட்டபடியே இருந்தன. அந்த பப்புக்கு இவர்கள் மாதம் ஒருமுறை ரயிலில் போய்வருவார்கள். எனக்கு அன்றுதான் முதல் தடவை.

பின்னறைக்குள் போனதும் எனக்கு விசர் பிடித்தது. மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் முழங்கால் முட்ட வட்டமாக இருந்து வாசிக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பைகளை வைத்த இரண்டு கதிரையும் அறைக்கு முதுகு காட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்தப் பெண்மணியோ அவற்றுக்குப் பின்னால், சுவரோரம் இருக்கிறார். நம் விழாவில் பிரதம விருந்தினருக்கு யாராவது முதுகைக் காட்டுவார்களா? தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் என் பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போகாதவனுக்கு இந்த ஊரில் இடமில்லை என்பதுதான் இருபது வருடத்தில் நான் படித்திருந்த பாடம்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு இடைவேளை. நீங்கள் இருவரும் சுருதி பார்க்க வெளியே போனீர்கள். நான் வேலையைத் தொடங்கினேன். எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ என்று மேசையை இழுத்து ஓரமாக்கினேன். கதிரைகளையெல்லாம் அந்தப் பெண்மணியைப் பார்க்கத் திருப்பி, கச்சேரிக்குப் போடுவது போலப் பிறைவடிவில் போட்டேன். வாசிக்கிறவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நடுவில் கைபிடி வைத்த கதிரையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் மடியில் அக்கோடியனோடு இருந்தார். "என் பிள்ளைகள் நடுக் கதிரைகளில் இருக்க வேண்டும், முக்கியமான விருந்தாளி வந்திருக்கிறார்" என்று என் இங்கிலிஷில் சொன்னேன். என்னைப் பார்த்தார். கதிரையின் கைபிடியைப் பிடித்து மெல்ல எழும்பினார். "தாராளமாக" என்றுவிட்டு, எல்லாருக்கும் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

நன்றி சொன்னேனோ தெரியாது.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆர் இப்படிப் போட்டது?"

அங்கிருந்த ஒருவர்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தான் பிள்ளை. இப்பதான் ரெண்டு பேரையும் வடிவாத் தெரியுது" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் யாரோ ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

அது பாதியில் உடைந்தது. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, நின்றுபோனது. அடுத்ததும் அப்படியே. அந்தப் பெண்மணி குனிந்து தன் கிளாசைப் பார்த்தார். வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்று நான் முன்னுக்கு அடி எடுத்து வைத்தேன். மகள் ஃபிடிலைக் கதிரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். மெல்லிய குரலில் சொன்னாள்.

"அப்பா, இது ஸ்டேஜ் இல்லை. அந்த அங்கிள்ட காலைப் பாத்துத்தான் எல்லாரும் வாசிக்கிறது. இப்ப ஒருத்தருக்கும் அவற்ற கால் தெரியேல்லை. அவருக்கு இடுப்பில ஒப்பரேஷன் செய்து ரெண்டு மாசம். அவரைப் போய் எழுப்பி விட்டிட்டீங்களே."

"எனக்குத் தெரியாது பிள்ளை, நான்..."

"ப்ளீஸ் அப்பா. வெளியில நில்லுங்கோ."

மகன் தன் கதிரையிலிருந்தே, "போங்கோ அப்பா, நாங்கள் பாப்பம்" என்றான்.

வெளியே வந்தேன். நிற்க ஏலவில்லை. அந்தத் தெருவின் மேட்டில் ஏறினேன், இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். மகன் மான்செஸ்டருக்குப் போகப் போகிறான், மகள் தனியாக நிற்கப் போகிறாள், இரண்டையும் என் இரண்டு கையாலும் நானே செய்துவிட்டேன். ஜாக்கெட்டைக் காருக்குள் விட்டுவிட்டேன் என்பதுகூட நாலாவது தடவை இறங்கும்போதுதான் உறைத்தது.

பப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். எட்டிப் பார்த்தேன். ஒரு கதிரையிலும் ஆள் இல்லை. கிழவர் அதே சுவரடியில் நிற்க, மகள் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். மற்ற எல்லாரும் அவரைச் சுற்றி நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் மறுபடியும் வந்துவிட்டது. மூடிய கண்ணாடிக்கு வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பிள்ளைகளின் முதுகும், தரையில் தட்டுகிற அந்த மனிதரின் காலும்தான்.

மகள், நீ அவருக்கு உன் கதிரையைக் கொடுத்தாயாம். அவர் இருக்க மாட்டேன் என்றுவிட்டாராம். "உன் அப்பா உனக்காகக் கேட்டு வாங்கிய இடம். அவர் மரியாதையைக் கெடுக்காதே" என்றாராம். நீயும் இருக்கவில்லை. அதைப் பார்த்து எல்லாருமே எழும்பினார்களாம். பிறகு நீதான் சொன்னாய்.

முடிந்ததும் அவரிடம் போனேன். ஸொரி, ஸொரி என்பதற்கு மேல் இங்கிலிஷ் வரவில்லை. "கதிரையில் இருந்து இருந்தே வாசித்துத் தொப்பைதான் வைத்தது" என்று சிரித்தார். "இரண்டும் உன்னுடையதா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது. என் தோளில் கை வைத்தார். பாசத்துக்கு என்று நினைத்தேன். வாசற்படி வந்ததும் அவருடைய பாரம் முழுக்க என் தோளில் இறங்கியது.

காரில் இருவரும் பின்சீட்டில் ஏறினீர்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கனதூரம் ஓட்டினேன். பிறகு என் சீட்டின் முதுகில் யாரோ விரலால் தட்டுவது தெரிந்தது.

"அக்கா, ரெண்டாவது சுத்தில நீ பிந்தினனி."

"நானோ? நீதான்டா பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடினனி."

நீங்கள் சிரித்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை.

மூன்று கிழமை கழித்து அந்தப் பெண்மணி வேறொரு குழுவை எடுத்துவிட்டதாக எழுதினார். காரணம் எழுதவில்லை. நீங்களும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன், நீ மான்செஸ்டருக்குப் போனாய். ஆனாலும் வாசிப்பதை விடவில்லை. போன கோடையில் நீங்கள் இருவரும் நீங்களே காரோட்டி, கப்பலேறிப் போய், அயர்லாந்தில் ஆறு ஊரில் வாசித்துவிட்டு வந்தீர்கள். என்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளின் முதுகு தெரிகிற இடத்திலும் ஒரு தகப்பன் பேசாமல் நிற்கலாம் என்று, எத்தனையோ பேருக்கு முன்னால் வெட்கப்பட்டுத்தான் நான் படித்தேன். இன்றைக்கும் கை பரபரக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்குச் சொல்லாதது இதுதான். அந்தக் கடிதம் வந்த அன்று ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ஒருவரும் இல்லை. உங்கள் இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். ஊரிலுள்ள எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன், ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒருநாளும் கேட்டதில்லை. போனை நிறுத்தினேன். சோபாவில் இருக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, கடைசிப் பாட்டு முடியும் வரை நின்றே கேட்டேன்.