பசியை அளக்கப் போன இடங்கள்

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எனக்குச் சம்பளம் வருவதோ அதற்குத்தான். மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்களில் யாருக்கு எப்போது பசிக்கிறது, யார் ஏன் பருக்கிறார்கள் என்று வருசக்கணக்காக ஆராய்ந்து வருகிறேன். கேள்விகளைச் சுமந்துகொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய எவருக்கும் என் களைப்பைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மத்தியானச் சோறு

ஏறாவூரில் புடைவைக் கடைக்காரர் ஒருவரின் மனைவி றிசானா. நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மத்தியானம் கொஞ்சம் சோறு, அவ்வளவுதான் என்றார். இவ்வளவு குறைத்தும் உடம்பு ஏறுகிறதே, உள்ளே ஏதும் நோயாக இருக்குமோ என்று கண் கலங்கினார். எனக்கும் கவலையாகிவிட்டது.

பேசிக்கொண்டே பால் தேத்தண்ணியும் இனிப்பு வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். நான் தனியாகச் சாப்பிடக்கூடாதென்று தானும் ஒரு துண்டு எடுத்தார், பிறகு இன்னொன்று. நேற்றும் வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று மெல்லக் கேட்டேன். காலையில் உறவுக்கார மச்சி, பின்னேரம் பக்கத்து வீட்டார், அசர் தொழுகைக்குப் பிறகு மகளின் கூட்டாளிகள் என்று அடுக்கினார். அப்போதெல்லாம் நீங்களும் சாப்பிட்டீர்களா என்றேன்.

"அது வந்த ஆக்களோட சேந்து தின்னுறதுதானே மிஸ், அதையும் சாப்பாடெண்டு சொல்லுவாங்களா?"

துடைத்த தட்டு

பசி எந்த இடத்தில் அடங்குகிறது என்று பார்க்க எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை நடத்தினோம். வருகிறவருக்குச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் தாராளமாக வைப்போம். யாரும் பார்த்தால் கூச்சம் வரும் என்பதால் அறையில் தனியாக விட்டுவிடுவோம். போதும் என்று எழுந்தபின் மிச்சத்தை நிறுப்போம்.

வாழைச்சேனையிலிருந்து படகில் கூலிக்குப் போகும் யோகன் வந்தார். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு முறையும் அவர் தட்டு துடைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு சாப்பிட்டும் பருக்காத இப்படி ஒரு உடம்பு கிடைப்பது அபூர்வம் என்று என் உதவியாளர் குமுதினி குதித்தார். நானும் உள்ளுக்குள் ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒருநாள் வாசலில் அவர் கையிலிருந்த பையிலிருந்து குழம்பு சொட்டியது. இருக்கவைத்து விசாரித்தேன். மறைக்கவில்லை. பாதியைத்தான் சாப்பிடுவாராம், மீதி பைக்குள் போகுமாம். அவருடைய அளவுகள் அத்தனையையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டும், இனி வரவேண்டாம் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. குழம்பு இன்னும் ஒழுகாதபடி பையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டில மனுசிக்கு இது ஆறாம் மாசம் மிஸ், எனக்கு மட்டும் இறைச்சி எப்பிடி இறங்கும்?"

பூச்சியம்

கதிரவெளியில் மீன் விற்கும் செல்வராணி அக்காவுக்கு முழங்கால் வலி. எடையைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்கள். சாப்பிட உட்காரும்போது எவ்வளவு பசி என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றேன். எப்போதும் பூச்சியம் என்றார். கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கினேன். மறுபடியும் பூச்சியம்.

மீனை வெட்டிக்கொண்டே சொன்னார். சண்டைக் காலத்தில் கைக்குழந்தையோடு ஊரைவிட்டு நடந்தபோது சோறு கிடைக்காமல் அவருக்குப் பால் வற்றிப்போனதாம். பிள்ளை அழுது அழுது, பிறகு அழவும் மாட்டாமல் கிடந்ததாம். அந்தப் பிள்ளை தப்பிவிட்டது. இப்போது கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறது. அப்படியென்றால் இப்போது ஏன் அக்கா என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே பதில் வந்தது.

"பசி வாறத்துக்கு முதலே சாப்பிட்டிருவன் மிஸ், வந்தாப் பயம்."

வேறு திட்டம்

அதே ஊரில் இன்னொரு வீட்டில் தாயின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மகளின் கை குச்சி மாதிரி இருந்தது. விலைவாசி ஏறியபின் மீன், முட்டை எல்லாம் அந்த வீட்டில் நின்றுபோய், மாவும் சீனியும்தான் மிச்சம். தாய் ஊதினாள், பிள்ளை வற்றியது. பிள்ளைகளையும் ஆய்வில் சேர்ப்போம் என்று எங்கள் திட்டத் தலைவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், என்னைப் போலவே களைத்தவர். நிதி தந்தவர்கள் உடற்பருமனுக்குத்தான் தந்திருக்கிறார்கள், இது வேறு திட்டம் என்றார்.

பிள்ளையை நானே அந்த ஊருக்குப் பொறுப்பான அரசாங்கக் குடும்பநல மாதுவிடம் கூட்டிப் போனேன். அவர் சத்துமா கொடுத்து, தவறாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அடுத்த முறை போனபோது பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அந்த வருசத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல முடிவு அதுதான். உடனே தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சந்தோசம், ஆனா அறிக்கையில எழுதிராதீங்க, எடை கூடினா நம்மட திட்டத்துக்கு அது தோல்வி."

பசி என்றால் என்ன என்று நான் படிப்பிக்கும் மாணவர்கள் கேட்டால், இப்போதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டு வகுப்பை முடித்துவிடுகிறேன்.